ஏலக்காய் லாரியில் கொச்சி

போடிநாயக்கனூரில் பிறந்தவர்களுக்குக் கொச்சி தூரத்து ஊர் இல்லை. இடுக்கி மலையில் விளைகிற ஏலக்காயை ஏலத்தில் எடுத்து, சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டுவது எங்கள் ஊர். அதைக் கப்பலுக்கு அனுப்பி வைப்பது மட்டாஞ்சேரி. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம், மூவாற்றுப்புழை என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் கடல். அன்று தனுஷ்கோடியையும் கொச்சியையும் சேர்த்த அந்தத் தேசிய நெடுஞ்சாலைக்கு 49ஆம் எண்; அதில் இந்தப் பகுதிக்கு இப்போது 85. கையில் காசு இல்லாமல் ஊர் பார்க்கக் கிளம்பிய என் தலைமுறைப் போடிப் பையன்கள் பலருக்கு அதுதான் முதல் பாதை. இன்று காசு இருக்கிறவர்கள் காசு இல்லாமல் பயணம் போவதை ஒரு பயிற்சியாகச் செய்கிறார்கள். அவர்களும் அதே சாலையில், அதே கொச்சிக்குத்தான் வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதுகில் சுமையோடு நெடுந்தூரம் போவது எங்கள் மலைக்குப் புதிதில்லை. போடிக்குப் பக்கத்தில் குரங்கணி. அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை தலைச்சுமைக்காரர்களின் காலடியில் தேய்ந்தது. மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிறங்கி, போடிக்கு வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. தேயிலை பறிக்கப் போனவர்களுக்குக் கால்கள்தான். சட்டி பானை, பாய், இடுப்பில் பிள்ளை என்று கங்காணி பின்னால் ஏறினார்கள். என் அப்பத்தா அப்படி ஏறிய ஒரு கூட்டத்தில் சிறுமியாக நடந்தவள். மழையில் நனைந்த அரிசியை எந்தப் பாறையில் காயப்போட்டார்கள் என்பது வரை சொல்லுவாள். இப்போது அந்தப் பாதை மலையேற்றக் குழுக்களுடையது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி அத்தனை இளம் உயிர்கள் போன பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. வைக்கவும் கூடாது.

நான் கிளம்பியது 1986இல். தேனி மாவட்டம் பிறக்க இன்னும் பத்து வருடம் இருந்தது. நாங்கள் மதுரை மாவட்டக்காரர்கள். அப்பா ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். நான் பட்டம் வாங்கிவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தேன். கடைக்கு லோடு எடுக்க வருகிற லாரி டிரைவர் ஒருவர் ஒருநாள் அப்பாவிடம், “அண்ணே, கிளீனர் பய ஊருக்குப் போயிட்டான். தம்பிய அனுப்புங்க, கொச்சியப் பாத்துட்டு வரட்டும்” என்றார். அப்பா சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அம்மா புளிச்சோறு கட்டினாள். என் தங்கை வாசலில் நின்றுகொண்டு, “நானும் வர்றேண்ணே” என்றாள். “பொட்டப்புள்ளைக்கு லாரியில என்னடி வேலை, உள்ள போ” என்றாள் அம்மா. அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.

லாரியில் கிளீனர் என்றால் என் வேலை கட்டை போடுவது. முக்கோணமாகச் செதுக்கிய கனத்த மரக்கட்டை, பிடிப்பதற்கு ஒரு கயிறு. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வந்து நிற்க வேண்டி வந்தால், லோடு லாரி ஒரு அடி பின்னால் நகரும். அந்த ஒரு அடிக்குள் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ள வேண்டும். வண்டி கிளம்பியதும் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடிப்போய் ஏற வேண்டும். டயரின் சூடு முகத்தில் அடிக்கும். நல்ல இருட்டில் டிரைவரின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பூப்பாறையில் நின்றபோது என் உள்ளங்கைத் தோல் கயிற்றில் உரிந்திருந்தது. டிரைவர் பார்த்துவிட்டுத் தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். டிக்கெட் எடுக்காத பயணம் அது. ஆனால் ஓசிப் பயணம் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு நிமிர்வு உண்டு.

விடியும்போது நேரியமங்கலம். 1935இல் திறந்த பெரியாற்றுப் பாலம், ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிர்ப்பக்கம் வரிசை நிற்கும்போது டிரைவர்கள் ஆற்றில் இறங்கிக் குளித்துவிடுவார்கள். எங்கள் டிரைவர் சாலையோரக் கடையில் கஞ்சியும் பயறும் வாங்கித் தந்தார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குள் லாரி நுழைந்தது மதியத்துக்கு மேல்.

சுக்கும் மிளகும் சேர்ந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் தும்மினேன். கோதாம் முற்றங்களில் பெண்கள் உட்கார்ந்து சுக்கைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். யூதத் தெருவில் மிளகு வணிகர் சங்கத்தின் கூடத்தில், 1957இல் தொடங்கிய முன்பேர வணிகம், கூவிக் கூவி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் ஏலத்தில் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு அது சொந்த வீட்டுச் சத்தம். கௌதமாலா ஏலக்காய் வளைகுடாச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கோதாம்களில் அதைப் பற்றித்தான் பேச்சு.

லோடு இறக்கியதும் டிரைவர் வேறு சரக்கு ஏற்றத் திருச்சூர் பக்கம் போக வேண்டியிருந்தது. “நாலஞ்சு நாள் ஆகும். நீ ஊரப் பாரு. இங்கனயே வந்து நில்லு, கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு கோதாம் திண்ணையில் காலிச் சாக்கு விரித்துப் படுத்தேன். இடம் கொடுத்தவர் சுமை தூக்குகிற ஒரு முதியவர், மட்டாஞ்சேரி முஸ்லிம். அவர் மலையாளமும் என் தமிழும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. துறைமுகத்தில் சாப்பா முறை இருந்த காலத்தை அவர்தான் சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசியெறிவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, கிடைக்காதவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மேல் 1953 செப்டம்பர் 15இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வில்லைக்காக மண்ணில் புரண்டவர்களின் ஊர் அது. புதிதாக வந்தவன் பசியோடு நிற்கிறான் என்பதை அந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த முதியவருக்கு வளைகுடாவில் இருந்த மகனிடமிருந்து ஒரு ஆங்கிலக் காகிதம் வந்திருந்தது. நான் படித்துச் சொன்னேன், பதிலும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை எனக்குப் புட்டும் கடலையும் வந்தது.

போர்ட் கொச்சிக்கு நடந்தே போனேன். மட்டாஞ்சேரி அரண்மனை, போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டி டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தது. 1568இன் பரதேசி ஜெபக்கூடம். வாஸ்கோட காமாவை 1524இல் புதைத்து, பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போன புனித பிரான்சிஸ் தேவாலயம். எல்லாம் நடை தூரத்துக்குள். எல்லாவற்றுக்கும் வெளியே நிழல் இருந்தது, மரத்தடியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சர்க்கார் போட்டில் சில்லறைக் காசுக்கு எர்ணாகுளம், வைப்பின், வில்லிங்டன் தீவு என்று காயல் முழுக்கச் சுற்றினேன். ராபர்ட் பிரிஸ்டோ என்கிற பொறியாளர் மணல்திட்டை உடைத்து, தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு வில்லிங்டன். அங்கே ஹார்பர் டெர்மினஸ் ரயில் நிலையத்தில் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் இருந்தன. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்ற ரயிலுக்குப் பெயர் வந்ததே அந்தத் தீவில் போய் நின்றதால்தான். மதியம் யூனிபார்ம் போட்ட துறைமுக ஆட்கள் சாப்பிடுகிற கடையில் அளவில்லாச் சோறும் மீன்குழம்பும்.

இதையெல்லாம் சொல்வது என் சாமர்த்தியத்தைக் காட்ட அல்ல. குறைந்த காசில் ஊர் சுற்றுவது பயணியின் திறமை என்று இன்றைக்கு எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது ஊரின் ஏற்பாடு. சர்க்கார் போட்டு, ஸ்டேஷன் குளியலறை, திண்ணை, தொழிலாளி சாப்பிடுகிற மெஸ், கோயில் குளம், தர்கா முற்றம், தண்ணீர்க் குழாய். இவை உள்ளூர் ஏழைகளுக்காக இருப்பவை. வெளியூர்க்காரன் அவற்றில் ஓரமாக இடம் வாங்கிக்கொள்கிறான். 1892 டிசம்பரில் விவேகானந்தர் இதே ஊர் வழியாகப் போனார். எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்து, திருவனந்தபுரம் போய், கன்னியாகுமரி சேர்ந்தார். கையில் காசில்லாத துறவியை ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்ததால்தான் அந்தப் பயணம் கன்னியாகுமரி வரை போனது.

சீன வலைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். வெளுத்துப்போன பை, கிழிந்த செருப்பு. இரண்டு பேரும் ஒரே சுவரில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கட்டன் சாயா குடித்தோம். எழுபதுகளில் இஸ்தான்புல்லிலிருந்து பஸ் மாறி மாறி, டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டெல்லி வந்தவராம். 1979இல் ஈரானில் புரட்சி, அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம்; அந்தத் தரைவழி அதோடு அடைபட்டது. இந்த முறை விமானத்தில் வந்ததைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. கையில் தடித்த ஒரு வழிகாட்டிப் புத்தகம், லோன்லி பிளானட்டின் இந்தியா. 1981இல் முதல் பதிப்பு வந்த புத்தகம். அதை வெளியிட்ட டோனி வீலரும் மௌரீன் வீலரும் 1972இல் லண்டனிலிருந்து ஒரு பழைய வண்டியில் கிளம்பி ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தபோது அவர்களிடம் மிஞ்சியது 27 சென்ட். அந்தப் பயணத்தைப் பற்றித் தாங்களே அடித்துத் தைத்து விற்ற சின்னப் புத்தகத்திலிருந்து வளர்ந்த நிறுவனத்தை, 2007இலும் 2011இலும் இரண்டு தவணையாக பிபிசியின் வணிகப் பிரிவு வாங்கியது. மொத்த விலை சுமார் 13 கோடி பவுண்டு. சிக்கனப் பயணம் அதற்குள் அவ்வளவு பெரிய வியாபாரமாகியிருந்தது.

அந்த ஜெர்மன்காரர் நல்ல மனிதர். நான் சாயாவுக்குக் காசு எடுத்தபோது என் கையைப் பிடித்துத் தடுத்தார். ஆனால் அவர் பைக்குள் பயணக் காசோலைகள் இருந்தன. எர்ணாகுளத்து வங்கியில் ஒரு கையெழுத்து போட்டால் அவருடைய ஏழ்மை முடிந்துவிடும். எனக்கு அப்படி ஒரு கையெழுத்து இல்லை. ஒரே சுவரில், ஒரே கட்டன் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி அதுதான். அதை நான் பொறாமையாக நினைக்கவில்லை. இன்றைக்குப் பயணம் பற்றிய எந்தப் பேச்சைக் கேட்டாலும், அந்தக் கையெழுத்து யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அவர்தான் என்னைத் தோபிகானாவுக்குக் கூட்டிப்போனார். தன் துணிகளை அங்கே போட்டிருந்தார். வெளி என்ற பகுதியில், போர்ட் கொச்சிக்குள்ளேயே. உள்ளே போனதும் காதில் விழுந்தது தமிழ். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கக் கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த துறையில், ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு தொட்டி என்று நின்று துவைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் வைத்து அவர்களே நடத்துகிறார்கள். பின்னால் திறந்த வெளியில் கொடிகள். நான் அதுவரை பார்த்த கொடி ஒற்றைக் கயிறு. இங்கே இரண்டு புரியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் வேட்டியின் ஓரத்தை விரலால் முறுக்குக்கு நடுவில் செருகிக்கொண்டே நடந்தார். கிளிப் இல்லை, ஊசி இல்லை. கடற்காற்று அடித்தபோது அத்தனை வேட்டியும் படபடத்தன, ஒன்றும் அவிழவில்லை. காற்று இழுக்க இழுக்க முறுக்கு இறுகும் என்று காட்டினார். காய்ந்ததும் ஒரு சுண்டு சுண்டினால் துணி கையில் வந்துவிடும்.

“எந்தூரு தம்பி?”

“போடிங்கய்யா.”

“போடியா? ஏலக்கா வருமே அங்கனேந்து. சட்டயக் கழட்டு” என்றார்.

மூன்று நாள் லாரிப் புழுதி படிந்த சட்டை. மாற்று இல்லை. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்க, அவர் துவைத்து, கஞ்சி போட்டு, காயவைத்து, கரி நெருப்புப் போட்ட கனத்த இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தும் கொடுத்தார். காசு கேட்கவில்லை. நான் இஸ்திரிக்குக் கரி ஊதிக் கொடுத்தேன், தண்ணீர் இறைத்தேன், சாயந்திரம் வரை அங்கேயே இருந்தேன். தமிழ்நாட்டைப் பார்த்தே இராத அவருடைய தமிழில் எங்கள் அப்பத்தாவின் சில சொற்கள் இருந்தன.

இனி இப்போதைய கொச்சி. சென்ற ஆண்டு போனேன், இந்த முறை என் தங்கையோடு. அவள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்த தோழிகள் இருவரையும் கூட்டி வந்திருந்தாள். கொச்சிக்கு வருவது என்ற முடிவும், எங்கே தங்குவது, என்ன செலவு என்ற கணக்கும் முழுக்க அவளுடையது. நான் துணைக்குப் போனவன்.

பெண்கள் மூவரும் தங்கியது எர்ணாகுளம் வடக்கு ரயில் நிலையம் பக்கத்தில் கொச்சி மாநகராட்சி 2023இல் திறந்த ஷீ லாட்ஜில். பொதுக்கூடத்தில் ஒரு கட்டிலுக்கு நாள் வாடகை 100 ரூபாய் என்று தொடங்கிய இடம். சாப்பாடு அதே பகுதியில், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்துகிற சம்ருத்தி உணவகத்தில். 2021இல் திறந்தபோது ஒரு சாப்பாடு 10 ரூபாய். பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் ஏழை நுழையத் தயங்குகிற விலை இல்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த என் தங்கை சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் பொங்கிப் போட்டவளுக்கு அந்த அண்டாக்களின் அளவு புரியும். “இந்த விலைக்கு இந்தச் சாம்பார் வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லண்ணே” என்றாள்.

என் மனதில் அப்போது ஓடியது ஒன்றுதான். 1986இல் திண்ணையிலும் ஸ்டேஷனிலும் படுத்து ஊர் பார்த்தேன் என்றால், நான் ஆண் என்பதால் பார்த்தேன். அந்த ஊர் ஏற்பாடுகளில் பாதி ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தன. அன்று வாசலில் நின்றவள் கொச்சியைப் பார்க்க, ஒரு மாநகராட்சி பூட்டும் தாழ்ப்பாளும் உள்ள அறையில் 100 ரூபாய்க்குக் கட்டில் போட வேண்டியிருந்தது. இது பெரிய விஷயம். எல்லா ஊரிலும் வர வேண்டிய விஷயம். மதுரையில் வர வேண்டும், தேனியில் வர வேண்டும்.

போர்ட் கொச்சிக்கு இப்போது இரண்டு வழி. மின்சாரத்தில் ஓடுகிற வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கி, அடுத்த வருடம் போர்ட் கொச்சிக்கும் வந்துவிட்டது. ஹைகோர்ட் துறையிலிருந்து 40 ரூபாய். குளிரூட்டிய கூடம், கண்ணாடி ஜன்னல், கொச்சி கப்பல் தளத்திலேயே கட்டிய படகு, பெருமைப்படத் தக்கது. பக்கத்திலேயே மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய போட்டு, நாங்கள் ஏறியபோது 6 ரூபாய் சீட்டு. இரண்டும் அரசாங்கத்துடையவைதான். புதியது வந்ததால் பழையதை எடுத்துவிடாமல் வைத்திருப்பதே கேரளத்தில் நான் மதிக்கிற குணம். வைப்பினிலிருந்து மீன் விற்றுத் திரும்புகிற ஒரு பெண் கூடையை எங்கள் காலடியில் வைத்துவிட்டு என் தங்கையோடு பேசிக்கொண்டே வந்தாள். யார் எந்த மொழி பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்கும் தெரிந்திருக்காது.

“அண்ணே, சாக்கு விரிச்சுப் படுத்தேன்னு சொல்லுவியே, அந்த எடத்தக் காட்டு” என்றாள் கரையிறங்கியதும்.

பஜார் ரோட்டில் பல கோதாம்கள் இன்னும் கோதாமாகவே இருக்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. நான் படுத்த திண்ணையுள்ள கட்டடம் காபிக் கடையாகியிருந்தது. சுவரைச் சுரண்டி, செங்கல் தெரியும்படி விட்டு, பழைய சாக்குகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். திண்ணையில் மெத்தை. உள்ளே இருந்த இளைஞன் மரியாதையாகப் பேசினான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். விலைப் பட்டியலைப் பார்த்தோம். ஒரு காபியின் விலை என் தங்கையின் ஒரு இரவுக் கட்டில் வாடகையைவிட அதிகம். வெளியே வந்து எதிர்ச்சந்தில் ஒரு தாத்தாவின் கடையில் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம்.

2012 டிசம்பர் 12இல் முதல் பினாலே கலைக்காட்சி தொடங்கிய ஆஸ்பின்வால் ஹவுஸும் ஒரு வணிகக் கோதாம்தான். 1867இல் வந்த வெள்ளைக்காரக் கம்பெனி. மிளகு, இஞ்சி, தேங்காயெண்ணெய் எல்லாம் அங்கிருந்து போயிருக்கிறது. கலைக்காக அதைத் திறந்ததில் எனக்குக் குறை இல்லை. இடிந்து விழுந்திருக்க வேண்டிய சுவர்கள் நிற்கின்றன. மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் உலகத்து ஓவியங்களைத் தங்கள் தெருவிலேயே பார்க்கிறார்கள். என் கவலை திண்ணைகளைப் பற்றியது. ஊரின் திண்ணை ஒவ்வொன்றாக விலைக்குப் போனால், அந்த ஊரில் காசில்லாதவன் முதலில் இழப்பது உட்காரும் இடத்தை. உள்ளூர்ச் சுமைக்காரனுக்கும் அதே கதிதான்.

தாத்தாவின் கடையில் நாங்கள் இருக்கும்போது இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முதுகில் ஆளுயரப் பை, நெஞ்சில் கேமரா. காசே இல்லாமல் காஷ்மீரிலிருந்து வருகிறார்களாம்; லாரியில் லிப்ட், கிடைத்த இடத்தில் தூக்கம். அதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே தாத்தாவிடம் சாயா இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர் இரண்டு கிளாஸ் நீட்டினார், பழம்பொரியும் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் போனதும், ஏன் சும்மா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “குட்டிகளல்லே, போட்டே” (பிள்ளைகள்தானே, போகட்டும்) என்று சொல்லிவிட்டுத் துடைக்கிற வேலையைப் பார்த்தார்.

அவர் பெருந்தன்மை அவருக்கு. எனக்கு அது வலித்தது. அந்தக் கேமராவின் விலை அவருடைய பல மாத வருமானம். பசித்தவன் கேட்பது வேறு. பசிக்காதவன் பசித்தவனாக இருந்து பார்க்கத் தொழிலாளியின் அடுப்பைப் பயன்படுத்துவது வேறு. சிக்கனம் என்றால் யார் முதுகில் ஏறி நிற்கிற சிக்கனம் என்ற கேள்வி இருக்கிறது. கட்டை போடு, கடிதம் எழுது, கரி ஊது, கிளாஸ் கழுவு. ஏதாவது ஒன்று கொடு. அதுவும் முடியாவிட்டால் சாயாவுக்குக் காசைக் கொடு.

இதை அந்தப் பிள்ளைகளின் தலைமுறை முழுக்கச் சேர்த்துச் சொல்லவில்லை. அன்று மாலையே எர்ணாகுளம் ஜங்ஷனில் பார்த்த ஒரு பெண், கர்நாடகத்துக்காரி, முன்பதிவில்லாப் பெட்டியில் தனியாகக் கன்னியாகுமரி வரை போய்க்கொண்டிருந்தாள். கிடைத்த வேலையைச் செய்து சேர்த்த காசு. கணக்கு நோட்டை என் தங்கையிடம் காட்டினாள். எந்த ஊரில் எங்கே தண்ணீர் இலவசம் என்றுகூட எழுதி வைத்திருந்தாள். நெடுநேரம் இருவரும் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொச்சியில் இந்த விஷயத்தில் என் மனதுக்குப் பெரியவர்கள் கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். எர்ணாகுளம் காந்திநகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்ன டீக்கடை நடத்தியவர்கள். தினம் 300 ரூபாய் உலகம் பார்ப்பதற்கென்று எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைத்துவிட்டு, அடுத்த நாட்டுக்குக் கடன். இஸ்ரேல், எகிப்து, சுவிட்சர்லாந்து, பிரேசில், பெரு என்று 26 நாடுகள். அவர்கள் வாழ்க்கையைப் பற்றி ‘இன்விசிபிள் விங்ஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. கடைசியாக ரஷ்யா போய்வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார். அவர்களுக்கும் அந்தக் கையெழுத்து கிடையாது. ஆனால் அவர்கள் சிக்கனம் வேறு யார் முதுகிலும் ஏறவில்லை. தங்கள் இருவர் கையாலேயே டீ ஆற்றிச் சேர்த்த சிக்கனம். உலகப் பயணம் என்று பேசும்போது மலையாளிகள் எஸ். கே. பொற்றேக்காட்டைச் சொல்வார்கள், ‘சஞ்சாரம்’ நிகழ்ச்சியின் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கராவைச் சொல்வார்கள். நியாயம்தான். நான் அந்த வரிசையில் டீக்கடைக்காரர்கள் இருவரையும் சேர்த்தே சொல்வேன்.

தோபிகானாவுக்கும் போனோம். கற்களும் தொட்டிகளும் அப்படியே. ஆட்கள் குறைந்திருந்தார்கள், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். முறுக்குக் கயிற்றில் இப்போது வேட்டிகளைவிட வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அதிகம். ஹோம்ஸ்டேக்களும் ஓட்டல்களும் அனுப்புகிறவை. பெரிய முதுகுப் பையோடு வருகிறவர்கள் ராத்திரி படுக்கிற விரிப்பில் இந்தத் தமிழர்களின் கை இருக்கிறது. நாங்கள் தேடிவந்த பெரியவர் காலமாகிப் பல வருடமாம். அவர் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் தங்கைக்கு ஓரம் செருகக் கற்றுக்கொடுத்தார். முதல் விரிப்பு நழுவியது. “இன்னும் ஆழமாச் செருகும்மா, காத்து பாத்துக்கும்” என்றார். இரண்டாவது நின்றது.

திரும்பும்போது போட்டு ஜெட்டியில் சீட்டுக் கொடுப்பவரிடம் என் தங்கை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த மனிதர் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார்.

“ஆலப்புழையிலேருந்து கோட்டயத்துக்குக் கவர்மெண்டு போட்டு இருக்காம்ணே. வயக்காட்டுக்கு நடுவுல வாய்க்கால்லயே போகுமாம், ரெண்டரை மணி நேரம். பஸ்ஸு டிக்கெட்டு மாதிரிதான் வெல” என்றாள். தோழிகள் இருவரும் அதற்குள் நாளைய பஸ் நேரத்தை விசாரித்து முடித்திருந்தார்கள். “நாங்க மூணு பேரும் காலையில கெளம்புறோம். நீ வர்றதுன்னா வா. இல்லேன்னா போடி பஸ்ஸுல ஏத்தி விட்டுர்றேன்.”